நின்ற இதயமும் கிளர்ந்தெழும் ரத்தமும்

இதய வால்வை மாற்றும்போதோ, அறைகளுக்கு இடையே உள்ள துளையை அடைக்கும்போதோ பெரும்பாலும் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அதன் வேலையை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள். 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இவ்வியந்திரத்தைக் கொண்டு முதன்முதலாக வெற்றிகரமான அறுவையை நிகழ்த்தினார். அன்று முதல் இன்று வரை இயந்திரம் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது என்றாலும், அழற்சி என்னும் பக்கவிளைவு முற்றிலும் நீங்கவில்லை.

ரத்தம் வழக்கமாக, தன்னைத் தூண்டாத ரத்தக்குழாய் உட்சுவரை மட்டுமே தொட்டு ஓடுவது. அது நெகிழிக் குழாய்களிலும் செயற்கைச் சவ்வுகளிலும் பட்டவுடன், கிருமிகளை எதிர்க்கவென்று அமைந்த நிரப்புப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன, வெள்ளையணுக்கள் கிளர்ச்சியுறுகின்றன, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற, சைட்டோகைன்கள் எனப்படும் செய்திப் புரதங்கள் பெருகுகின்றன. நின்றிருந்த இதயத்துக்கு ரத்தம் மீண்டும் பாயும்போது எழும் சேதம் இதற்கு மேலும் தூபம் போடுகிறது. நுண்குழாய்கள் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்து, ரத்த அழுத்தம் தாழ்வது இதன் கடுமையான வடிவம்.

இந்த அழற்சியைத் தணிக்கவே ஸ்டீராய்டு மருந்தை நாடினார்கள். அது செயல்படும் இடம் உயிரணுவின் உட்பகுதி. சவ்வைக் கடந்து சென்று, அங்குள்ள ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழையும் இம்மருந்து, அழற்சிப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களின் இயக்கத்தை அடக்குகிறது. மரபணு வழியாக நிகழும் இவ்விளைவு முழுமை பெறச் சில மணிநேரம் ஆகும் என்பதால், அழற்சி மூளும் முன்பே, அதாவது மயக்க மருந்து கொடுக்கும் வேளையிலேயே, ஸ்டீராய்டைச் செலுத்துவது வழக்கமாயிற்று. ரத்தத்தில் சைட்டோகைன்களின் அளவும் எதிர்பார்த்தபடியே குறைந்தது. ஆனால் பரிசோதனைக் கூடத்து எண் குறைவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு.

நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரக அல்லது நுரையீரல் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 7 சதவீதம், பெறாதவர்களில் 8.5 சதவீதம், இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடியதே. நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து தொற்றைக் கூட்டும் என்ற அச்சத்துக்கு மாறாக, தொற்று குறைந்தே காணப்பட்டது சற்று வியப்பானது. 2015இல் வெளியான, 18 நாடுகளைச் சேர்ந்த 7,507 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் உறுதியான பதிலைத் தந்தது: மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டு மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, மாறாக இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் நொதி அளவுகள் மருந்து பெற்றவர்களிடமே அதிகம் உயர்ந்தன. சைட்டோகைன் தீங்கின் அடையாளமாக மட்டும் இருந்து, காரணம் வேறாக இருந்தால் இப்படித்தான் நிகழும் என்பது என் எண்ணம். காயத்தை ஆற்றுவதும் அதே அழற்சியின் வேலைதான் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தைகளின் நிலை வேறாக இருக்கலாம் என்று நம்ப ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய உடலில் ஓடும் ரத்தம் மிகக் குறைவு. அதனோடு ஒப்பிட்டால் இயந்திரத்தின் செயற்கைப் பரப்பு மிகப் பெரிது. ஆயினும், அமெரிக்காவில் 1,200 குழந்தைகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் தெளிவான நன்மை தென்படவில்லை. ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கு ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலின் தேவைப்பட்டது, மற்றவர்களில் 6.7 சதவீதத்தினருக்கே தேவைப்பட்டது.