தாயக்கட்டையை உருட்டுவது யார்?

கீழக்கரையில் ஒருவர், துபாயில் அவருடைய மச்சான், சென்னையில் ஒரு கூட்டாளி, தங்கச்சிமடத்தில் இன்னொருத்தர். ராத்திரி பத்து மணிக்கு, அதாவது துபாயில் எட்டரைக்கு, நாலு பேரும் போனில் லூடோ ஆட உட்காருகிறார்கள். பாதி ஆட்டத்தில் தங்கச்சிமடத்துக்காரரின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோகிறது. சார்ஜரைத் தேடிச் செருகி, ஆட்டத்தைத் திரும்பத் திறந்தால் அவருடைய நாலு காயும் விட்ட கட்டத்தில் அப்படியே நிற்கின்றன. ஒன்றிரண்டு முறை அவர் வாய்ப்பு தாண்டிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அணைந்துபோன போனுக்குள் இருந்த பலகை எப்படிப் பிழைத்தது? அது போனுக்குள் இருக்கவே இல்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ வேறெங்கோ, அந்த ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில்தான் பலகை இருக்கிறது. நம் கையில் இருப்பது அதைக் காட்டும் திரை. திண்ணையில் தாயம் ஆடும்போது, தான் ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தக் காய் அங்க இல்லப்பா, ரெண்டு கட்டம் பின்னால” என்று சொல்கிற பெரியவர் ஒருவர் இருப்பாரே, அவருடைய வேலையைத்தான் சர்வர் செய்கிறது.

அந்த நடுவர் பலகையைப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் நடந்ததை வரிசை எண் போட்டுக் குறித்துக்கொள்கிறார். 15: பச்சை நாலு போட்டது. 16: பச்சையின் இரண்டாவது காய் நகர்ந்தது. 17: சிவப்பு ஆறு போட்டது. இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பலகையை எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து ஆடிக் கட்டிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தபின் ‘மறுபடி பார்’ என்று காட்டுவதும் இதே குறிப்பை வைத்துத்தான்.

குறிப்பு எவ்வளவு சிறியது என்பதற்குச் சதுரங்கத்தைப் பார்க்கலாம். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று சொன்னால் ஒரு நகர்த்தல் முடிந்தது. 64 கட்டங்களில் ஒன்றைக் குறிக்க 6 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற குறி ஆறு, போதும். இரண்டு கட்டத்துக்கு 12 பிட். சிப்பாய் ராணியாக மாறுவது போன்ற விவகாரங்களைச் சேர்த்தாலும் இரண்டு பைட்டுக்குள், அதாவது 16 பிட்டுக்குள், அடங்கிவிடும். முகவரி, அடையாளம், பூட்டு எல்லாம் சுற்றிக் கட்டி அனுப்பும்போது அது சில நூறு பைட்டாகப் பெருக்கும். அப்போதும் வாட்ஸ்அப்பில் போகிற ஒரு சாதாரணப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. வீடியோ சுற்றிச் சுற்றி நிற்கும் இடத்தில்கூடச் சதுரங்கம் தடையில்லாமல் ஓடுவது இதனால்தான்.

சிக்கல் வருவது நெட் மெதுவாக இருக்கும்போது இல்லை, அறுந்து அறுந்து வரும்போது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் குதிரையை நகர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்தல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘வந்தது’ என்று பதில் கிளம்புவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. உங்கள் போனுக்கு என்ன தெரியும்? அனுப்பினோம், பதில் இல்லை, அவ்வளவுதான். போகும் வழியில் தொலைந்ததா, பதில் வரும் வழியில் தொலைந்ததா என்று கண்டுபிடிக்க அதற்கு வழியே கிடையாது. அதனால் மண்டபம் பக்கம் சிக்னல் வந்ததும் அதே நகர்த்தலைத் திரும்ப அனுப்பும். இரண்டாவது தடவையும் சர்வர் ஏற்றுக்கொண்டால் ஒரே ஆள் இரண்டு முறை ஆடியதாகிவிடும். இங்கேதான் வரிசை எண் உதவுகிறது. இரண்டு தடவையும் போன் அனுப்பியது ‘23-ஆவது நகர்த்தல்’. சர்வர் குறிப்பில் 23 ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு, ‘வந்தது’ என்ற பதிலை மட்டும் மறுபடி அனுப்பும். எளிய ஏற்பாடுதான், ஆனால் இது இல்லாமல் எழுதிய செயலிகளில்தான் காய் தானாகத் தாவுவது, ஒரே சொல் இரண்டு தடவை விழுவது மாதிரியான வேடிக்கைகள் நடக்கும்.

நம் கடற்கரையில் சிக்னலின் போக்கே தனி. கடலில் மரமும் மாடியும் குறுக்கே நிற்பதில்லை. 40 மீட்டர் உயர டவருக்கும் படகில் நிற்பவர் கையில் இருக்கும் போனுக்கும் நடுவே, பூமியின் வளைவு மறைக்கத் தொடங்குவதற்குள் ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தூரம் நேர்வழி கிடைக்கும். கரையை விட்டு வெகுதூரம் போனபிறகும் ஒற்றைக் கோடு மினுக்குவது இந்த வசதியால். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அரிச்சல்முனையில் போய் நின்றால் போனில் இலங்கை நிறுவனத்தின் பெயர் வந்து நிற்பது அங்கே போனவர்களுக்குத் தெரிந்த கதை. ரோமிங்கை அணைத்துவிட்டு ஆடுவது பர்ஸுக்கு நல்லது.

சுத்தமாக நெட் இல்லாத இடத்தில், வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் படகில் நாலு பேர் ஆட வேண்டுமென்றால் ஒருவர் ஹாட்ஸ்பாட் போடுவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அப்போது அவருடைய போனே சர்வராகிவிடுகிறது. அந்த நாலு பேரில் அவர் மட்டும் நடுவரும் ஆட்டக்காரருமாக இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சொல் விளையாட்டுகளில் நடுவருக்குக் கூடுதலாக ஒரு வேலை: இது சொல்லா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது. ஆங்கிலத்தில் ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் காலின்ஸ் பட்டியலில் சுமார் 2.8 லட்சம் சொற்கள். அதை வரி வரியாகத் தேடினால் நேரமாகும். அதனால் தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருக்கும் சொற்களை ஒரே கிளையில் கோத்துவிடுகிறார்கள். முடிவுகளும் ஒன்றாக இருந்தால் அவற்றையும் சேர்த்து முடிந்துவிடலாம் என்று 1988-இல் ஆப்பெல், ஜேக்கப்சன் என்ற இருவர் காட்டினார்கள். பட்டியல் பல மடங்கு சுருங்கியது, தேடலும் கண் இமைப்பதற்குள் முடிந்தது.

தமிழுக்கு வந்தால் கதை வேறு. ‘மீன்’ நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு குறி: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. ‘ராமேஸ்வரம்’ நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பத்து. ஒருங்குறி என்னும் யூனிகோடு நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கவில்லை. அகரம் ஏறிய மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே வைத்துச் சேர்க்கச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் அது ‘மீன்’ என்பதை நாலெழுத்துச் சொல் என்று எண்ணி மதிப்பெண் போடும். இன்னும் மோசம், ‘கொக்கு’. இதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒருவர் விசைப்பலகையில் அடித்த கொக்கை ஏற்றுக்கொண்டு இன்னொருவருடைய கொக்கைத் தள்ளும் ஆட்டத்தில், கோளாறு அகராதியில் இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும். அதற்கான விதி யூனிகோடிலேயே இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்த மறந்துபோகிறார்கள்.

அப்புறம், பட்டியலை எங்கே நிறுத்துவது? போ என்ற ஒரு வினையிலிருந்து போனான், போகிறாள், போகவில்லை, போய்க்கொண்டிருந்தார்களாமே என்று இழுத்துக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் பட்டியலில் அடைக்க முயன்றால் தீராது. வேர்ச்சொற்களை வைத்துக்கொண்டு, ஒட்டுகள் எந்த வரிசையில் வரலாம் என்ற விதிகளை நிரலாக எழுதுவது ஒரு வழி. பெரும்பாலான தமிழ்ச் சொல் ஆட்டங்கள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று அகராதிச் சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆடுகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்தான், ஆனாலும் எனக்கு அது சரியான முடிவு என்றே படுகிறது. இல்லாவிட்டால் ஒரே ஆள் ‘ஆமே’ ஒட்டி ஒட்டியே ஜெயித்துவிடுவார்.

முகம் தெரியாத ஒருவரோடு உங்களைக் கோத்துவிடுவதும் நடுவர்தான். அதற்குப் பெரும்பாலும் அர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக வகுத்த முறையோ, அதிலிருந்து கிளைத்த முறைகளோ பயன்படுகின்றன. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் இதை எடுத்துக்கொண்டது. உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவர் உங்களை ஜெயிக்க, டிராவை அரை வெற்றியாக எண்ணினால், 76 சதவீத வாய்ப்பு என்று அது கணக்குப் போடும். அவரை நீங்கள் தோற்கடித்தால் புள்ளி நிறையக் கிடைக்கும். அவர் உங்களைத் தோற்கடித்தால் அவருக்குக் கொஞ்சம்தான்.

சரி, கட்டைக்கு வருவோம். சண்டை வருவதே அங்கேதான். “காக்கா (அண்ணே), உங்களுக்கு மட்டும் எப்படி வரிசையா ஆறு விழுது?”

திரையில் கட்டை உருண்டு உருண்டு நிற்கிறதே, அது வெறும் காட்சி. நண்பர்களோடு நெட்டில் ஆடும்போது, ஒழுங்காகக் கட்டிய ஆட்டத்தில், நீங்கள் தொட்டதும் சர்வர் எண்ணைத் தீர்மானித்துவிடுகிறது. கட்டை அந்த எண்ணில் போய் நிற்பதுபோல் போன் படம் காட்டுகிறது. எண்ணைப் போனிலேயே தீர்மானிக்க விட்டால், செயலியைப் பிரித்து மாற்றத் தெரிந்தவருக்கு எப்போதும் ஆறுதான் விழும். சர்வரிலும் உண்மையான கட்டை இல்லை. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, கணக்குப் போட்டுக் கலக்கிக் கலக்கி அடுத்தடுத்த எண்களை உண்டாக்குகிறது. இப்படிப்பட்ட முறைகளில் புகழ்பெற்ற ஒன்று 1998-இல் மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற ஜப்பானியர்கள் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர். அதன் எண்வரிசை திரும்ப முதலிலிருந்து தொடங்குவதற்குள் போகும் நீளத்தை எழுதினால் அந்த எண்ணுக்கு 6,002 இலக்கம் வரும். ஆனால் அது வெளியிடும் எண்களில் 624-ஐ முழுதாகப் பார்த்துவிட்டால் அடுத்து வருபவற்றைக் கணித்துவிட முடியும். அதனால் ஊகிக்கவே கூடாத இடங்களில், வன்பொருளின் இரைச்சல், சமிக்ஞைகள் வந்து சேரும் நேரத்தின் நுண்ணிய தடுமாற்றம் போன்றவற்றை அள்ளிக் கலக்கும் வேறு முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆறு வராமலே போவது எவ்வளவு சகஜம் என்று பாருங்கள். பத்து முறை உருட்டியும் ஒரு ஆறுகூட விழாமல் இருக்க வாய்ப்பு 16 சதவீதம். நாலு பேர் ஆடுகிறார்கள் என்றால், முதல் பத்து உருட்டலில் ஆறே காணாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவராவது இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். ஒன்றுவிட்டு ஒரு ஆட்டத்தில் யாரோ ஒருவர் கடுப்பாவது கணக்குப்படி நடக்க வேண்டிய விஷயம். நம் பித்தளைத் தாயக்கட்டை இதைவிடக் கஞ்சம். வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு முகம், இரண்டு கட்டை, மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது கூட்டி ஒன்று, வருவது அதில் இரண்டு விதத்தில்தான். எட்டில் ஒரு பங்கு. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்று ஆடுகிற வீட்டில், பத்து முறை உருட்டியும் வெளியே உட்கார்ந்திருக்க 26 சதவீதம் வாய்ப்பு. அப்போது யாரும் கட்டையைக் குறை சொல்வதில்லை. கை ராசியைத்தான் சொல்வார்கள்.

நிறுவனமே கட்டையைச் சாய்க்க முடியாதா? முடியும். வெளியிலிருந்து பிடிப்பதுதான் கஷ்டம். 60 முறை உருட்டினால் சராசரியாக 10 ஆறு விழ வேண்டும்; ஏழும் சகஜம், பதின்மூன்றும் சகஜம். ஆறில் ஒன்று விழ வேண்டியது ஐந்தில் ஒன்றாகச் சாய்ந்திருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லவே 600 உருட்டல் வேண்டும். ஒரு ராத்திரி ஆட்டத்தை வைத்து முடிவுகட்ட முடியாது.

அப்படியானால் நடுவரே இல்லாமல், கீழக்கரையும் துபாயும் போனிலேயே நேர்மையாகக் கட்டை உருட்ட முடியுமா? இதே கேள்வியை 1981-இல் மானுவேல் ப்ளூம் என்ற கணினி அறிஞர் எடுத்துக்கொண்டார். விவாகரத்தான தம்பதி, ஆளுக்கொரு ஊர், கார் யாருக்கு என்று தொலைபேசியில் காசு சுண்டிப் பார்க்க வேண்டும். இதுதான் அவர் போட்ட கதை.

கீழக்கரைக்காரர் மனசுக்குள் ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்கிறார்: 4. அதோடு தாறுமாறான நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றைச் சேர்த்து, எஸ்.எச்.ஏ-256 என்ற கலக்கி வழியாக ஓட்டுகிறார். 64 குறி நீளத்துக்கு ஒரு வரி வெளியே வரும். அதை மட்டும் துபாய்க்கு அனுப்புகிறார்; 4-ஐ அதற்குள் பூட்டி வைத்த மாதிரி. வரியிலிருந்து 4-ஐத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அதே வரி வருமாறு வேறொரு எண்ணைப் பின்னால் புகுத்தவும் நடைமுறையில் முடியாது. இப்போது துபாய் மச்சான் தன் எண்ணை வெளிப்படையாகச் சொல்கிறார்: 5. உடனே கீழக்கரைக்காரர் தன் 4-ஐயும் அந்த எழுத்துத் தொடரையும் அனுப்புகிறார். மச்சான் தன் போனில் ஓட்டிப் பார்த்து, அதே 64 குறி வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்கிறார். நாலும் அஞ்சும் ஒன்பது, ஆறைக் கழித்தால் மூன்று. விழுந்தது மூன்று. இரண்டு பேரில் ஒருவர் ஒழுங்காக, எந்த எண்ணுக்கும் சாயாமல் எடுத்தாலே போதும், கூட்டலும் சாயாது.

நீண்ட எழுத்துத் தொடர் எதற்கு? வெறும் 4-ஐ மட்டும் கலக்கியிருந்தால், மச்சான் ஒன்றிலிருந்து ஆறு வரை ஆறு எண்ணையும் ஓட்டிப் பார்த்து, எந்த வரி ஒத்துப்போகிறது என்று நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஓட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது. மச்சான் 5 என்று சொன்ன நிமிடமே கீழக்கரைக்காரருக்கு விழப்போவது மூன்று என்று தெரிந்துவிடும். மச்சானுக்கு இன்னும் தெரியாது. மூன்று பிடிக்கவில்லை என்றால் அவர் பூட்டைத் திறக்காமல், “சிக்னல் போச்சு, மறுபடி போடலாம்” என்று சொல்லிவிடலாம். எத்தனை சுற்றுப் பேச்சு வைத்தாலும், இருவர் மட்டும் ஆடும்போது இப்படிப் பாதியில் கழன்றுகொள்கிறவருக்குக் கிடைக்கும் சாதகத்தை முழுதாகத் துடைக்க முடியாது என்று 1986-இல் ரிச்சர்ட் கிளீவ் நிரூபித்தார். ஹாட்ஸ்பாட் போட்ட படகுக்காரருக்கு இந்தப் பூட்டுமுறை ஓரளவு கடிவாளம் போடும், ஆனால் அவரும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுச் சிரிக்கலாம்.

நடைமுறையில் செய்வது இது: தவணை குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் திறக்காதவர் அந்த முறையை இழக்கிறார். பாம்பனைத் தாண்டும்போது சிக்னல் நிஜமாகவே போய்விடும் ஆட்களும் உண்டென்பதால் பத்து நொடி, இருபது நொடி என்று வைக்காமல் ஐந்து நிமிடமாவது வைப்பது நல்லது. துபாய்க்காரர் முனகினால் முனகட்டும்.