மாத்திரை அட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்துகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாத்திரையின் பெயரையும் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். "தைராய்டு மாத்திரை அம்பது", "சுகர் மாத்திரை ஐநூறு." அம்பது என்ன என்று கேட்டால், "அம்பது மில்லிதான், வேறென்ன" என்று பதில் வரும். தைராய்டு மாத்திரையில் இருப்பது 50 மைக்ரோகிராம். சுகர் மாத்திரையில் இருப்பது 500 மில்லிகிராம். ஒரு கிராமை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மில்லிகிராம், அதாவது எம்ஜி. அந்த ஒரு பங்கை மறுபடி ஆயிரம் பங்காக்கினால் மைக்ரோகிராம், அட்டையில் எம்சிஜி. நடுவில் ஒரே ஒரு 'சி'தான், வித்தியாசமோ ஆயிரம் மடங்கு.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். "மில்லி" என்பதை நாம் அன்றாடம் பேசும் விதம் அப்படி. நகைக்கடையில் "ஆறு கிராம் நானூறு மில்லி" என்றால் அது மில்லிகிராம். பால் பாக்கெட்டில் ஐநூறு மில்லி என்றால் மில்லிலிட்டர். நேற்று தேவகோட்டையில் இருபது மில்லி மழை என்றால் மில்லிமீட்டர். மில்லி என்பதற்கு ஆயிரத்தில் ஒன்று என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. எதில் ஆயிரத்தில் ஒன்று என்பதை நகைக்கடையும் பால் கடையும் தாமாகவே சொல்லிவிடுகின்றன. மருந்து பாட்டிலில் அந்த வசதி இல்லை. எடையும் கொள்ளளவும் ஒரே வரியில் வரும்: 5 எம்எல்-இல் 125 எம்ஜி.

அந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைகளுக்கு அதிகம் தவறாகப் போவது இங்கேதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் மூன்று வகை வரும். 5 எம்எல்-இல் 125 எம்ஜி உள்ள சிரப் ஒன்று, 5 எம்எல்-இல் 250 எம்ஜி உள்ள சிரப் இன்னொன்று. மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ். அதில் ஒரு எம்எல்லிலேயே 100 எம்ஜி. பாட்டில் சின்னதாக இருப்பதால் அது மென்மையான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் அதுதான் அடர்த்தி. பத்துக் கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 எம்ஜி எழுதியிருந்தால் முதல் சிரப்பில் 6 எம்எல், இரண்டாவதில் 3 எம்எல், டிராப்ஸில் வெறும் ஒன்றரை எம்எல். "போன தடவை ஆறு எம்எல் கொடுத்தோம், அதையே கொடுப்போம்" என்று டிராப்ஸ் பாட்டிலில் இருந்து 6 எம்எல் கொடுத்தால் 600 எம்ஜி உள்ளே போகும். பெரியவர்கள் போடும் 500 எம்ஜி மாத்திரையை விட அதிகம்.

டிராப்ஸ் என்ற பெயரே ஆளைக் குழப்பும். சொட்டு என்று நினைத்துப் பத்துச் சொட்டு, பதினைந்து சொட்டு என்று எண்ணுகிறார்கள். அதோடு வரும் டிராப்பரில் எம்எல் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். 0.6 எம்எல் என்று எழுதியிருந்தால் புள்ளியை விட்டு "ஆறு" என்று படித்துவிடக் கூடாது. டாக்டர் சீட்டில் புள்ளிக்கு முன்னால் சைபர் போடாமல் எழுதியிருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது என் வழக்கம். 1.0 என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். புள்ளி மங்கலாக இருந்தால் அது பத்தாகத் தெரியும்.

அப்புறம் ஸ்பூன். சீட்டில் ஒரு டீஸ்பூன் என்றால் 5 எம்எல், டேபிள் ஸ்பூன் என்றால் 15 எம்எல். இது மருந்துக்கான கணக்கு. நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் ஸ்பூனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. செட்டிநாட்டு வீடுகளில் இன்னொன்றும் உண்டு: குழந்தை பிறந்தால் சீராக வரும் வெள்ளிப் பாலாடை, சங்கு. மருந்தையும் அதிலேயே புகட்டுவார்கள். புகட்டுவதில் தப்பில்லை, அளப்பதில்தான் தப்பு. ஒவ்வொரு தட்டாரும் ஒவ்வோர் அளவில் செய்ததை வைத்து "அரைப் பாலாடை" என்று கொடுத்தால் எத்தனை எம்எல் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. சிரப்போடு வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து, பிறகு பாலாடையில் ஊற்றிக் கொடுங்கள். சிரிஞ்சில் சிசி என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு சிசியும் ஒரு எம்எல்லும் ஒன்றேதான். பைக்கில் சொல்லும் நூறு சிசியும் இதே அளவுதான்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலம் முடிந்தாலும், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் பெரிய வீட்டில் இருப்பது இங்கே சர்வ சாதாரணம். ஊருக்கு வரும்போது பிள்ளைகள் சுகர் மெஷின், மாத்திரை, சிரிஞ்ச் எல்லாம் வாங்கி வருகிறார்கள். ஆக ஒரே மருந்து டப்பாவில் இரண்டு நாட்டு அளவுகள்.

கானாடுகாத்தானில் இருந்து ஓர் ஆச்சி வருவார்கள். மகன் சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த மெஷினைக் கைப்பையில் இருந்து எடுத்து வைத்து, "தம்பி, ஏழு புள்ளி எட்டு காட்டுது. மூணு மாச டெஸ்ட்லயும் அதே ஏழு புள்ளி எட்டுதான். அப்ப மெஷின் சரியாத்தானே இருக்கு?" என்றார்கள். மெஷின் சரிதான், ஆனால் ஆச்சி சொன்ன காரணம் சரியில்லை. திரையில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் மில்லிமோல் பர் லிட்டர் என்று இருந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரத்தச் சர்க்கரையை அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊர் லேப் சொல்வது ஒரு டெசிலிட்டரில், அதாவது நூறு எம்எல் இரத்தத்தில், எத்தனை மில்லிகிராம் என்பது. அவர்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் எண் வரும். 7.8-ஐப் பெருக்கினால் 140. மூன்று மாத டெஸ்டில் வந்த 7.8 வேறு ஜாதி. அது சதவீதம். ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. அந்த 7.8-ஐச் சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் சுமார் 177 வரும். எண் ஒன்றாக வந்தது தற்செயல்.

"அப்ப எதை நம்புறது?" என்றார்கள்.

"ரெண்டையும் நம்பலாம் ஆச்சி. ஒண்ணை வச்சு இன்னொண்ணைச் சரிபார்க்கத்தான் கூடாது."

இந்த ஆச்சிக்காவது கேட்கத் தோன்றியது. மெஷினில் 15 என்று வந்தால் "பதினஞ்சுதானே" என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நம் கணக்கில் 270. கீழே இறங்கும்போதும் இதே கதை. 3.9 என்றால் 70. அதற்குக் கீழே போனால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே எதையாவது இனிப்பாகச் சாப்பிட வேண்டும். பல மெஷின்களில் இந்த அளவை நாம் மாற்ற முடியாதபடி கம்பெனியே பூட்டி அனுப்புகிறது. எனவே மெஷினின் பின்பக்கம் ஒரு துண்டுத் தாளில் "பதினெட்டால் பெருக்கவும்" என்று எழுதி ஒட்டிவிடுகிறேன். கிட்னிக்குப் பார்க்கும் கிரியாட்டினின் டெஸ்டுக்குப் பதினெட்டு உதவாது, அதற்கு வேறு எண். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் மைக்ரோமோல் கணக்கில் 88 என்று வருவது நம் ஊரில் 1 எம்ஜி. அதைப் பார்த்து "கிட்னி போச்சு" என்று அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு.

இன்சுலினில் விளையாட்டே வேண்டாம். இங்கே கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு எம்எல்லில் 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் பொதுவாக 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. வெளிநாட்டில் இருந்து வருவது பெரும்பாலும் ஆரஞ்சு. 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இருபது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவே இல்லையே என்று டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போவார். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். தூக்கத்திலேயே மயக்கம் வரக்கூடிய அளவு. குப்பியில் போட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் இழுக்கவே கூடாது.

யூனிட் என்பது எடையும் இல்லை, கொள்ளளவும் இல்லை. மருந்து உடம்பில் செய்யும் வேலையை வைத்து அளந்தது. அட்டையில் ஐயூ என்று இருக்கும். வைட்டமின் டி 60,000 ஐயூ என்று படித்துவிட்டு "அறுபதாயிரமா!" என்று மிரள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வைட்டமின் டி-யில் 40 ஐயூ என்றால் ஒரு மைக்ரோகிராம். அறுபதாயிரமும் சேர்ந்து ஒன்றரை மில்லிகிராம்தான். எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆனால் வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகப் போட்டால் மிரளத்தான் வேண்டும், இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. அதைத் தினமும் போட்டால் உயிரே போகலாம். நான் அந்த அட்டையின் மேல் எந்தக் கிழமை என்று பேனாவால் எழுதாமல் கொடுப்பதில்லை.

பாரசிட்டமால் ஏன் 600 இல்லாமல் 650 என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. பழைய காலத்தில் இங்கிலாந்தில் மருந்தை கிரெய்ன் என்ற தானிய எடையில் அளந்தார்கள், நம் தட்டார்கள் குன்றிமணியில் பொன் நிறுத்த மாதிரி. ஒரு கிரெய்ன் சுமார் 65 எம்ஜி. ஐந்து கிரெய்ன் 325, பத்து கிரெய்ன் 650. அளவுமுறை மாறியும் எண் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இருந்து வரும் டப்பாவில் பாரசிட்டமால் என்றே இருக்காது, அசிட்டமினோபென் என்றிருக்கும். இரண்டும் ஒரே மருந்து. அங்கிருந்து வந்த டைலெனால் ஒரு பக்கம், இங்கே வாங்கிய டோலோ ஒரு பக்கம் என்று போட்டால் கணக்கு இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம், அதாவது 4000 எம்ஜி, தாண்டக் கூடாது. கல்லீரல் பழுதானவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதற்கும் கீழே.

டாக்டர் சீட்டில் வரும் சுருக்கெழுத்துகள் அதிகம் பேருக்குப் பழகிவிட்டன. ஓடி ஒரு வேளை, பிடி இரு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, எச்எஸ் படுக்கப் போகும்போது. எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆபத்து நேரம் என்று அர்த்தம் இல்லை. கண் டாக்டர் எழுதும் ஓடி மட்டும் வேறு, அது வலது கண்.

மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று ஏதாவது ஒட்டியிருந்தால், மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்படி செய்தது என்று அர்த்தம். விழுங்க முடியவில்லை என்று அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முழுங்கச் சிரமம் என்றால் கடையில் சொல்லுங்கள், அதே மருந்து சாதாரண மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் நம்பிவிடாதீர்கள். சுகருக்கான கூட்டு மாத்திரைகளில் ஒன்று, இரண்டு என்று முடியும் பெயர்கள் நிறைய. அந்த இரண்டு பெரும்பாலும் கிளிமிபிரைடு 2 எம்ஜி என்பதைச் சொல்கிறது. இரண்டு மாத்திரை போடச் சொல்லவில்லை. கூடவே இருக்கும் மெட்பார்மின் 500 எம்ஜி அந்தப் பெயரிலேயே வராது.

இப்போதெல்லாம் பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான். சிங்கப்பூரில் இருந்து மகள் அட்டையின் முன்பக்கப் படத்தை அனுப்புவார், அதில் கம்பெனி வைத்த பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும். எனக்கு வேண்டியது அட்டையின் பின்பக்கம். "ஈச் டேப்லெட் கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரியில்தான் மருந்தின் பெயரும் எம்ஜியா எம்சிஜியா என்பதும் இருக்கும். காலாவதி தேதி பெரும்பாலும் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், எனவே மாத்திரையை எதிர் ஓரத்தில் இருந்து பிரித்துச் சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது அலுமினியம் பளபளத்து எழுத்து மறைந்துவிடும். பிளாஷை அணைத்து, அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் தெளிவாக விழும்.