டவர் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் ஏன் வரவில்லை?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் நின்றால் 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இணைய டவர் பளிச்சென்று தெரிகிறதாம், டிஷ்ஷையும் அதைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் வேகம் இல்லை. 100 மீட்டரில் ஒரு தென்னை, ஆனால் அதன் உச்சி பார்வைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. கட்ட வந்தவரோ இன்னும் பத்தடி பைப் போடச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை, அவர் சொல்வது சரி.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மாதிரி டிஷ்களில் பரவலாகப் பயன்படும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கோ 5.2 சென்டிமீட்டர். இந்த அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் வருவதில்லை, பக்கவாட்டில் பரவியும் வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான்: பாதி வழியில், நேர்கோட்டை விட்டு 7.2 மீட்டர் விலகி வரும் அலை எவ்வளவு கூடுதலாக நடக்கிறது? வெறும் 2.6 சென்டிமீட்டர், அதாவது அரை அலை! அந்த எல்லைக்குள் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று கைகொடுத்தே வந்து சேர்கிறது. ஆக, இரண்டு முனையும் ஒல்லியாக, நடுவில் பருத்த வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒரு வெளி முழுக்க உங்கள் சிக்னல்தான். இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். ஒரு தடுப்பின் விளிம்பு பார்வைக் கோட்டைத் தொட்டாலே போதும், கோடு மறையாவிட்டாலும் நாலில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும்.

இந்த ஃபிரெனெல் பிரான்சில் சாலைப் பொறியாளராக இருந்தவர். ஒளி எப்படி வளைகிறது என்று எழுதி 1819இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கினார், அப்போது ரேடியோ என்ற ஒன்றே கிடையாது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, தென்னைக்கு வருவோம். அது நிற்கும் இடத்தில் மண்டலத்தின் ஆரம் 2.2 மீட்டர், அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும், அதாவது உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவே 1.3 மீட்டர். நம் பக்கம் பத்தடி ஏற்றினால் அங்கே கோடு கிட்டத்தட்ட முழுப் பத்தடியும் உயர்ந்துவிடும். இதே மரம் பாதி வழியில் நின்றிருந்தால் ஐந்தடிதான் உயரும், அதுவும் போதாமல் போகலாம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஈசானிய மூலையில் கம்பம் கூடாதென்று கன்னி மூலைக்கு மாற்றினார்கள், டிஷ் இப்போது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அலை போகும் வழியைப் பார்த்து மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், உயரம் கூடினால் காற்றும் கூடும். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுங்கள், ஏனென்றால் பைப் 5 டிகிரி திரும்பினாலே டவர் இருக்கும் தூரத்தில் குறி 350 மீட்டர் தள்ளிப் போய்விடும். மழை விட்ட கையோடு, மட்டையில் ஈரம் சொட்டும்போது வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஈர ஓலை அலையை அதிகம் விழுங்கும். அப்போதும் வேகம் குறையவில்லை என்றால் ஏற்றிய உயரம் போதும்.