சில்லிக்குள் பீன்ஸ் போடலாமா?

அமெரிக்காவின் டெக்ஸாஸில் 'சில்லி' என்றால் வெறும் மிளகாய் இல்லை. மிளகாய் விழுதில் மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவிட்டு எடுக்கும் கெட்டியான குழம்பு. 1977-இல் அதை மாநில உணவாகவே அறிவித்தார்கள். ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் தகராறு. 1967-இல் டெர்லிங்குவா என்ற பாலைவனச் சிற்றூரில் டெக்ஸாஸ்காரரான விக் ஃபவுலரும், சில்லியில் பீன்ஸ் (நம் பச்சைக் காய் அல்ல, ராஜ்மா போன்ற காய்ந்த விதை) வேண்டும் என்ற கட்சிக்காரரான எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித்தும் சமையலில் மோதினார்கள். யாரும் ஜெயிக்கவில்லை, சமன். இன்றும் அங்கே நடக்கும் போட்டிகளில் சில்லிக்குள் பீன்ஸ் போடத் தடை.

வெளியிலிருந்து பார்த்தால் இது வீம்புபோலத் தெரியும். சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

முதலில் இறைச்சி. சில்லிக்கு மாட்டின் தோள்பகுதிக் கறியை எடுப்பார்கள். நாளெல்லாம் உழைத்த தசை, அதனால் தசையைக் கட்டிவைக்கும் கொலாஜன் என்ற புரதம் அதிகம், கடிக்கக் கடினம். மெல்லிய கொதியில் இரண்டு மூன்று மணிநேரம் கிடந்தால் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து குழம்பில் இறங்கும். உதட்டில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு அதுதான். அவசரப்பட்டு தளதளவென்று கொதிக்கவிட்டால் தசை இழைகள் முறுக்கிக்கொண்டு நீரைப் பிழிந்து தள்ளிவிடும். கறி சக்கைபோல ஆகிவிடும்.

வேகவைக்கும் முன் கறியை வறுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சட்டி நிறையக் கறியைக் கொட்டினால் நீர் விட்டு நிற்கும். நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருகிற மயார் வினை மளமளவென்று நடக்க 140 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுப்பதுதான் சரி.

இப்போது பீன்ஸ். இங்கேதான் தக்காளியும் வம்புக்கு வருகிறது. பீன்ஸின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். அது கரைந்தால்தான் விதை குழையும். புளிப்பான நீரில் பெக்டின் சுலபத்தில் இளகாது. பருப்பு வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வது இதற்காகத்தான். ஊறவைத்த பீன்ஸைத் தக்காளியும் கறியும் கொதிக்கும் சட்டியில் போட்டால் கறி நாராகப் பிரிந்த பிறகும் பீன்ஸ் பல்லில் கடிபடும். தனியாக வேகவைத்துக் கடைசியில் சேர்த்தால் பிரச்சினையே இல்லை. என்னைக் கேட்டால், பீன்ஸ் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவே சமாதானம் பேச இந்த ஒரு வேலை போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சிவப்பு ராஜ்மாவில் வாந்தி பேதியைக் கிளப்பும் லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும். மந்தமான சூட்டில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் கொதிக்கவைக்காத ராஜ்மாவை அப்படியே போடுவது ஆபத்து.

அப்புறம் மிளகாய். ஆஞ்சோ போன்ற காய்ந்த மிளகாயை லேசாக வாட்டி, ஊறவைத்து அரைப்பார்கள். கருகினால் கசப்பு, திருத்தவே முடியாது. காரம் விதையில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் காரம் தரும் காப்சைசின் ஊறுகிறது. அது நீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். காரம் ஏறியவர் தண்ணீர் குடித்து ஏமாறுவதும், சில்லியின் மேல் புளித்த கிரீமோ சீஸோ வைப்பதும் இதனால்தான்.

சில்லியைச் செய்து குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ஜெலட்டின் உறைந்து அல்வாபோல நிற்கும். மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு ஒரு தட்டாகப் படியும். உடம்புக்கு ஆகாது என்று அந்தத் தட்டை அப்படியே தூக்கி எறிகிறவர்கள் உண்டு. எறிவது கொழுப்பை மட்டுமல்ல. அதில் கரைந்திருக்கும் மிளகாயின் நிறம், மணம், காரம் எல்லாவற்றிலும் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது.