‘குறைந்தபட்சத் தண்டனை’ என்றால் லேசான தண்டனையா?

‘அவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடைத்தது’ என்று படித்தால் என்ன தோன்றும்? ஏதோ லேசாக விட்டுவிட்டார்கள் என்றுதானே. அமெரிக்க நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் ‘மேண்டேட்டரி மினிமம்’ அப்படிப்பட்டதல்ல. இன்ன குற்றம் நிரூபணமானால் இத்தனை ஆண்டுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று சட்டமே நீதிபதிக்குப் போடும் கோடு அது. முதல்முறை மாட்டியவரா, கும்பலில் வெறும் எடுபிடியா என்பதெல்லாம் பிறகுதான்.

‘மேண்டேட்டரி’யின் வேர் லத்தீன். கை, கொடு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து ‘கையில் ஒப்படைத்த கட்டளை’ என்றாகியிருக்கிறது. கட்டளையைக் கையில் கொடுத்து நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டார்கள் என்று சொல்லலாம். ‘மினிமம்’ லத்தீனில் ‘மிகச் சிறியது’, ஆனால் அந்த மிகச் சிறியது எவ்வளவு பெரிதாக இருக்கும் தெரியுமா? 1986-இல் வந்த போதைப்பொருள் சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கைன் (கொக்கைனைக் கட்டியாக்கிப் புகைக்கும் வடிவம்) கடத்தலுக்கே 5 ஆண்டு உறுதி. அதே 5 ஆண்டுக்குத் தூள் கொக்கைன் என்றால் 500 கிராம் வேண்டும்! கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அதனால் இந்த நூறு மடங்கு வித்தியாசம் பெரிய சர்ச்சையாகி, 2010-இல்தான் 18 மடங்காகக் குறைந்தது.

இன்னொன்று, நீதிபதியிடமிருந்து போன அதிகாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் அரசு வழக்கறிஞரிடம் போய்விட்டது. ‘குற்றத்தை ஒப்புக்கொள், சின்னப் பிரிவுக்கு மாற்றுகிறேன்’ என்று அவர் பேரம் பேசலாம். சீர்திருத்தம் கேட்பவர்களின் முக்கியமான புகார் இதுதான், எனக்கும் இது நியாயமாகவே படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தண்டனை’ வடமொழித் தண்டத்திலிருந்து, அதாவது கோலிலிருந்து வந்தது. ‘பட்சம்’ என்பதும் வடமொழிதான். தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் ‘கட்டாயச் சிறும ஒறுப்பு’ எனலாம். ஒறுத்தல் குறளிலேயே உள்ள சொல், சிறுமம் கணக்குப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் ‘சிறுமம்’ என்றாலும் அதே லேசான வாடை அடிக்கிறதே! என் ஓட்டு ‘கட்டாயக் கீழ்வரம்புத் தண்டனை’க்கு. வரம்பு என்றதுமே தாண்டக்கூடாத ஒன்று என்பது புரிந்துவிடும்.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘2018-இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம், சில போதைப்பொருள் வழக்குகளில் 20 ஆண்டாக இருந்த கீழ்வரம்பை 15 ஆக்கியது.’ குழப்பமே இல்லை. அப்புறம், தகுதியுள்ள சிலருக்கு மட்டும் வரம்புக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு இடம் தரும் ‘சேஃப்டி வால்வ்’ என்ற ஏற்பாடு 1994 முதல் இருக்கிறது, அதையும் இந்தச் சட்டம் கொஞ்சம் அகலமாக்கியது. அதற்கு ‘வரம்பு விலக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், பொருந்துகிறது.