முறுக்கினால் அமுங்கும் வண்டி: கார்ப்பரேட்டரை மாற்றும் முன் ஒரு நிமிடம் பெட்ரோலை அளந்து பாருங்க

முறுக்காமல் விட்டால், அதாவது ஐடிலில், இன்ஜின் சீராக ஓடும். ஊருக்குள் 30, 40 வேகத்தில் ஒரு குறையும் தெரியாது. பல்லடம் ரோட்டில் லாரியைத் தாண்ட முழுசாக முறுக்கினால் அரை நிமிடம் இழுத்துவிட்டுத் திணறி அணைந்துவிடும். ஓரம் கட்டி இரண்டு நிமிடம் கழித்து உதைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். 100, 125 சிசி கார்ப்பரேட்டர் வண்டிகளில் இப்படி நடந்தால் பெரும்பாலும் இன்ஜினுக்குள் கோளாறு இல்லைங்க. கேட்கிற வேகத்துக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை.

கணக்குப் போட்டால் புரியும். முழு ஆக்ஸிலேட்டரில் 75 கி.மீ. வேகம், லிட்டருக்கு 40 கி.மீ. என்று வைத்தால் மணிக்குச் சுமார் 1.9 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 30 மி.லி.க்கு மேல் எரிகிறது. ஐடிலுக்கு இதில் சிறு பங்கு போதும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். வரத்து குறைந்தால் அந்த இருப்பில் கொஞ்ச தூரம் ஓடும். மட்டம் இறங்கியதும் முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் பித்தளைத் துளையான மெயின் ஜெட் காற்றைத்தான் உறிஞ்சும். ஓரமாக நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கிண்ணம் மறுபடி நிறைந்துவிடுகிறது.

"நின்னு நின்னு போனாலும் ஊர் போய்ச் சேர்ந்துடும்" என்று ஓட்டுவதுதான் ஆபத்து. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில் முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் தலை அளவு மீறிச் சூடாகும். பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுக்கு இது இரட்டை அடி. ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். தேங்காய் மூட்டை கட்டி மேடு ஏறும்போது பிஸ்டன் ஜாம் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் டேங்க் மூடியைப் பாருங்க. பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று உள்ளே வர வேண்டும். மூடியில் அதற்கென்று சின்னத் துளை உண்டு. மண்ணும் துருவும் அதை அடைத்துவிடும். மழைத்தண்ணி இறங்கக்கூடாது என்று மூடிக்கடியில் பிளாஸ்டிக் கவர் வைத்து இறுக்கினாலும் இதே கதைதான். வண்டி அமுங்கின உடனே மூடியைத் திறங்க. 'உஸ்' என்று காற்று இழுத்து, வண்டியும் உடனே எடுத்தால் கோளாறு மூடியில்தான். துளையை ஊதிச் சுத்தம் பண்ணினால் செலவே இல்லை.

மூடி சரியாக இருந்தால் அடுத்தது அளந்து பார்ப்பது. இன்ஜின் முழுசாக ஆறட்டும். பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. கார்ப்பரேட்டர் அடியில் உள்ள டிரெயின் குழாயில் அளவு போட்ட பாட்டிலைப் பிடித்து, டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை ஆன் செய்து, டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. கிண்ணத்தில் இருந்தது முதலில் வேகமாகக் கொட்டும். அதை விட்டுவிட்டு, அதன்பின் வருவதைச் சரியாக ஒரு நிமிடம் பிடிங்க. 100 மி.லி.யாவது வர வேண்டும். முதலில் நன்றாக வந்து போகப்போகச் சொட்டினால் மூடியைத் திறந்து வைத்து மறுபடி அளங்க.

அளவு குறைந்தால், டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயை டேப் முனையில் கழற்றி, டேப்பின் வாயிலேயே பிடித்துப் பாருங்க. அங்கேயும் குறைந்தால் டேங்குக்குள் நிற்கும் டேப்பின் வலை அடைத்திருக்கிறது. அங்கே நன்றாக வந்தால் குழாய் மடிந்திருக்கும், இல்லை நடுவில் வெளியிலிருந்து மாட்டிய ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃபுளோட் (மிதவை) ஊசி வால்வு ஒட்டியிருக்கும். இந்தச் சோதனை பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே கார்ப்பரேட்டர் போயிடுச்சு என்று மெக்கானிக் சொன்னால் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

பிடித்த பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்க. அடியில் தனிப் படலமாகத் தண்ணி நின்றால் டேங்கையே காலி செய்து கழுவ வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்க.

வரத்து சரி, ஆனாலும் அமுங்குகிறது என்றால் மெயின் ஜெட். அதில் உள்ள ஓட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பிரேக் ஒயர் இழையை விட்டுக் குத்தக்கூடாது, பித்தளை தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். ஃபுளோட் மட்டத்தையும் கையேட்டு அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்க. மட்டம் தாழ்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

சந்தேகம் தீராவிட்டால், ஆளில்லாத ரோட்டில் வண்டி திணறும் நொடியில், காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுங்க. வண்டி மறுபடி இழுத்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர் வெடித்துக் காற்று புகுகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் கூடுதல், அதாவது ஏர் ஃபில்டர் அடைப்பு. திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்த் தூள். கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை இங்கே ஃபில்டர் தாங்காது, பாதியிலேயே திறந்து பாருங்க. பேப்பர் ஃபில்டரைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு "இப்ப நல்லா இழுக்குதே" என்று ஓட்டினால் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரையும் (போர்) தின்றுவிடும்.

சோக்குக்கு மாற்றமே தெரியாவிட்டால் கரண்டைப் பாருங்க. முழுசாக முறுக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறைந்து அழுத்தம் கூடும், அப்போது பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. ஐடிலில் சமாளித்த பலவீனமான பிளக் அங்கே தோற்றுவிடும். பிளக் இடைவெளி கையேட்டு அளவில் இருக்கட்டும், பல சின்ன வண்டிகளுக்கு அது 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் வரும். பிளக் கேப்பையும் மல்டிமீட்டரில் பாருங்க. ரெசிஸ்டர் உள்ள கேப் பொதுவாக 5 கிலோ ஓம் சுற்றிக் காட்டும், அசைத்தால் எண் குதித்தால் மாற்றிவிடுங்க. நின்ற வண்டி இரண்டு நிமிடத்தில் எடுக்காமல் இருபது நிமிடம் ஆறின பிறகுதான் எடுக்கிறது என்றால் சூட்டில், பொறிக்கு வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலோ, பொறி அடிக்கும் நேரத்தைச் சொல்லும் பல்ஸர் காயிலோ விட்டுப்போகிறது. சூட்டோடு இருக்கும்போதே பொறியைச் சோதிக்க வேண்டும், ஆறின பிறகு பார்த்தால் நன்றாகத்தான் அடிக்கும். டேப்பட் (வால்வு இடைவெளி) இறுக்கமாக இருந்தாலும் அதன் கோளாறு சூட்டில்தான் தெரியும்.

டூ-ஸ்ட்ரோக்கில் கூடுதலாக சைலன்சர் கரியைப் பாருங்க. ஆயிலை லிட்டருக்கு இவ்வளவு என்று கையேட்டில் சொன்ன அளவில், பொதுவாக 20 மி.லி., அளந்தே ஊற்றுங்க. இன்ஜினுக்கு நல்லது என்று கூட ஊற்றினால் கரிதான் சேரும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் அனேகமாக எல்லாமே இன்ஜெக்‌ஷன். அவற்றில் கார்ப்பரேட்டர் இல்லை, பம்ப்தான் அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்புகிறது. மேலே சொன்ன டிரெயின் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. குழாயில் அழுத்தம் இருக்கும், வீட்டில் கழற்றாதீங்க. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா, எத்தனை முறை மினுக்குகிறது என்று குறித்துக்கொண்டு போய், பம்பின் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவோ, வால்பாறையின் 40 வளைவோ ஏறும்போது அமுங்கினால் மேலும் முறுக்காதீங்க. ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கிளட்ச் பிடித்து, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்க. பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் சட்டென்று இறுகினாலும் கை முதலில் போக வேண்டியது கிளட்சுக்குத்தான். அப்படி இறுகின வண்டியை உதைக்காமல் ஆறவிட்டு, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி.