ஸ்டாப் கொடுத்த பிறகு அந்த 90 நொடிகள்

திருவொற்றியூர், மணலி பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எடைமேடை மென்பொருள் கொஞ்சம் மக்கர் பண்ணினாலே போதும், பையன்கள் கை நேராக, புரோகிராமை அந்த இடத்திலேயே கொல்லும் ‘கில் மைனஸ் 9’ கட்டளைக்குத்தான் போகும். வெளியே டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றால் யாருக்கும் அவசரம் வரும்தான். ஆனால் லினக்ஸில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டி அதைவிடப் பொறுமையாக ஒரு முறை வைத்திருக்கிறது.

சர்வீஸை நிறுத்தச் சொன்னதும், அதன் அமைப்புகள் எழுதியிருக்கும் யூனிட் ஃபைலில் எக்ஸெக்ஸ்டாப் (நிறுத்தும் கட்டளை) வரி இருந்தால் முதலில் அது ஓடும். அது முடிந்தும் மிஞ்சியிருக்கும் புராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு) சிக்டெர்ம், அதாவது 15ஆம் எண் சிக்னல் போகும். ஃபைலை மூடு, எழுத வேண்டியதை எழுதிவிட்டுக் கிளம்பு என்பது அதன் பொருள். வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். அதற்குள் போகாதவற்றுக்குத்தான் 9ஆம் எண்ணான சிக்கில். அதை எந்த புராசஸும் தடுக்க முடியாது. எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும்.

சிக்னல் யாருக்குப் போகிறது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். யூனிட் ஃபைலில் கில்மோட் என்ற வரி இல்லாவிட்டால், அந்த சர்வீஸின் கன்ட்ரோல் குரூப்பில், அதாவது அதைச் சேர்ந்த புராசஸ்களின் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் போகும். அதில் ‘புராசஸ்’ என்று எழுதிவிட்டால் தலைமை புராசஸுக்கு மட்டும்தான். அது கிளப்பிய குட்டி புராசஸ்கள் அப்படியே ஓடும். ஒரு யார்டில் இதைப் பார்த்தேன். ஷெல் ஸ்கிரிப்ட் செத்துவிட்டது. அது கிளப்பிவிட்ட எடை படிக்கும் புரோகிராம் மட்டும் எடை வந்து சேரும் சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் பழையதும் புதியதும் ஒரே போர்ட்டைப் படிக்க ஆரம்பித்தன. 28460 என்று வரவேண்டிய எடை ஒன்றில் 284, இன்னொன்றில் 60! எடைமேடைக்காரரோ எடையை உணரும் லோட்செல் போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். பழைய புராசஸ் மிச்சம் இருக்கிறது என்று ஜர்னல் லாகில் சிஸ்டம்டி எழுதியே வைத்திருந்தது. யார் பார்த்தது?

டேட்டாபேஸ் கதை வேறு. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் தலைமை புராசஸ் மட்டும் சிக்டெர்ம் வாங்கினால் புது இணைப்புகளை மறுக்கும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் போகும்வரை காத்திருக்கும். எவனாவது ரிப்போர்ட் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் 90 நொடி சும்மா கழியும். அதனால்தான் அவர்களுடைய ஆவணத்தில் இருக்கும் மாதிரி யூனிட் ஃபைலில் கில்மோட் ‘மிக்ஸ்டு’, கில்சிக்னல் சிக்இன்ட் (உள்ளே இருப்பவர்களைத் துண்டித்துவிட்டு மூடு என்று போஸ்ட்கிரஸுக்குப் பொருள்), நேர வரம்பு இன்ஃபினிட்டி, அதாவது வரம்பே இல்லை. தலைமைக்கு மட்டும் சொன்னால் போதும், குட்டிகளை அதுவே ஒழுங்காக முடித்துவைக்கும்.

எக்ஸெக்ஸ்டாப்பில் சும்மா ஒரு கில் கட்டளையை எழுதி வைப்பவர்களும் உண்டு. அது நொடியில் முடிந்துவிடும், சிஸ்டம்டியும் உடனே அடுத்த சிக்னலை அனுப்பிவிடும். நிஜமாக நின்ற பிறகு திரும்பும் கட்டளைதான் அங்கே இருக்க வேண்டும்.

அப்புறம் யுபிஎஸ். கரன்ட் போனால் அதன் பேட்டரி தீர்வதற்குள் எல்லாம் நின்றாக வேண்டும். ஷட்டவுனில் சர்வீஸ்கள் கிளம்பிய வரிசைக்குத் தலைகீழாக நிற்கும். டேட்டாபேஸுக்குப் பின் கிளம்பும்படி ‘ஆஃப்டர்’ போட்டிருக்கும் அப்ளிகேஷன் நின்ற பிறகே டேட்டாபேஸின் முறை. அப்ளிகேஷன் தன் 90 நொடியையும் இழுத்தடித்தால் அதுவரை டேட்டாபேஸுக்குச் சிக்னலே போகாது. பேட்டரி பழசாகியிருந்தால் இந்த இரண்டு நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். சர்வீஸ் பெயரோடு சிஸ்டம்சிடிஎல் ஷோ கொடுத்தால் டைம்அவுட்ஸ்டாப் (காத்திருக்கும் நேரம்), கில்மோட் இரண்டும் தெரியும். மாற்ற வேண்டுமானால் சிஸ்டம்சிடிஎல் எடிட். மூல ஃபைலில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.